கடையா, பெக்டரியா, கெஸ்ட் ஹவுஸா, ஆபீஸா? மலையகத்தில் சின்ன இடத்து வேலையைத் தெரிவு செய்தல்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு தோட்டத்துக்கு வெளியே வேலை தேடுகிறவருக்கு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ முதலில் அகப்படுவது பெரிய கம்பனி அல்ல. ஐந்து பேர், பத்துப் பேர், மிஞ்சினால் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் இடம். டவுன் கடை, வெளிக்கொழுந்து (சிறு தோட்டக்காரர் கொடுக்கும் கொழுந்து) வாங்கும் தனியார் தேயிலை பெக்டரி, கெஸ்ட் ஹவுஸ், கணக்காளரோ சட்டத்தரணியோ நில அளவையாளரோ நடத்தும் சின்ன ஆபீஸ் என்ற நான்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

வாயால் சொல்லப்படும் சம்பளம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். லீவை யாரிடம் கேட்க வேண்டும், காசோ சரக்கோ குறைந்தால் யார் தலையில் விழும், எது எழுத்தில் இருக்கும் என்பவற்றில்தான் வித்தியாசம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்க நினைப்பவருக்கு பெக்டரி. தொழில் பழகி மேலே போக நினைப்பவருக்கு, சம்பளம் குறைந்தாலும், ஆபீஸ். கெஸ்ட் ஹவுஸ் என்றால் சேவைக் கட்டணக் கணக்கைத் தாளில் காட்டும் இடம் மட்டும். கடையைக் கடைசியில் வைக்கிறோம். அதற்குக் காரணம் முதலாளிமாரின் குணம் அல்ல, மணிக்கணக்கு.

முதலில் காசு

ஓரிடத்தில் "கையில் 35,000 தருகிறேன், ஈ.பி.எப். எல்லாம் வேண்டாம்" என்கிறார்கள். இன்னோரிடத்தில் அடிப்படைச் சம்பளம் 30,000, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) உண்டு என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30,000இல் உங்கள் பங்கு 8 வீதம், அதாவது 2,400 கழிந்து கையில் 27,600 வரும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 போட வேண்டும். அதற்கு மேல் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900. கையில் வருவதையும் நிதிகளுக்குப் போவதையும் கூட்டினால் 34,500. ஆக வித்தியாசம் மாதம் 500 ரூபாதான். அந்த 500க்காக நீங்கள் விட்டுக் கொடுப்பது, அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான அரச பதிவை. பிறகு சம்பளப் பாக்கிக்கோ வேலை நீக்கத்துக்கோ முறையிடப் போனால், "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்ல முதலாளிக்கு வழி திறந்துவிடும்.

ஈ.பி.எப். சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் அது பொருந்தும். "நாங்கள் சின்ன இடம், எங்களுக்கு இல்லை" என்பது சரியான பதில் அல்ல. ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருஷம் கடந்தால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். சம்பளத்தில் 8 வீதத்தை ஒழுங்காகக் கழித்துவிட்டு அதைக் கட்டாமல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சம்பளச் சீட்டில் கழிவு தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாமல், உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, மூன்று மாதம் கழித்து தேசிய அடையாள அட்டையோடு தொழில் காரியாலயத்துக்குப் போய் விசாரியுங்கள்.

இன்னொரு வேலையும் நடக்கும். 35,000ஐ அடிப்படை 20,000, படி 15,000 என்று பிரித்து, 20,000க்கு மட்டும் ஈ.பி.எப். கட்டுவார்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 30,000. அடிப்படை அதற்குக் கீழே எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாளே தப்பு. வாழ்க்கைச் செலவுப் படியும் விசேட படியும் ஈ.பி.எப். கணக்கில் சேர வேண்டியவை. ஓ.டி. (மேலதிக நேரச் சம்பளம்) சேராது.

பதினைந்து பேர் என்ற கோடு

ஆள்கணக்கை நேர்முகத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். பணிக்கொடைச் சட்டம், 1983இன் 12ஆம் இலக்கம், பதினைந்து பேருக்கும் மேற்பட்டோருக்கும் உரியது. நீங்கள் விலகுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் பதினைந்து பேர் இருந்திருந்தாலே போதும். ஐந்து வருஷம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும், வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 30,000 என்றால் ஆறு வருஷத்துக்கு 90,000. வேலை நீக்கத்துக்கான 1971இன் 45ஆம் இலக்கச் சட்டமும் சராசரியாகப் பதினைந்து பேருக்குக் குறையாத இடங்களுக்குத்தான். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

பதினான்கு பேரோடு நிற்கும் இடத்தில் இவை இரண்டும் இல்லை. முன்கடை அப்பா பெயரில், பின்னால் இருக்கும் களஞ்சியம் மகன் பெயரில் என்று பதிவு பிரிந்திருந்தால், நியமனக் கடிதத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடிதம் ஒரு பெயரிலும் ஈ.பி.எப். இன்னொரு பெயரிலும் இருந்தால் பின்னால் இழுபறிதான்.

கடை

பலசரக்கு, துணி, போன், பார்மசி, ஹார்ட்வெயார் எதுவானாலும் அமைப்பு ஒன்றே. முதலாளி அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவரோடு ஒரு மச்சானோ மருமகனோ. இவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் வேறு ஆள் கிடையாது. நல்ல முதலாளி என்றால் இது பெரிய வசதி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அன்றைக்கே காசு கிடைக்கும், வீட்டில் மரணம் என்றால் த்ரீவீல் பிடித்துக் கொடுத்து அனுப்புவார். ஆனால் எல்லாம் தயவாகவே நடக்கும். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சேர்க்கப்பட்டவர் லீவையும் ஒரு பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்க வேண்டிவரும்.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி, வாரம் ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு. டவுனில் காலை எட்டுக்குத் திறந்து இரவு எட்டுக்குப் பூட்டும் கடையில், மதியம் ஒரு மணித்தியாலம் போக, பதினொரு மணி. ஆறு நாளுக்கு 66. மிஞ்சுவது வாரம் 21 மணி. சட்டப்படி ஓ.டி.யே வாரம் 12 மணிக்கு மேல் போகக் கூடாது. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்கினால் 30,000க்கு ஒரு மணி ஓ.டி. 187 ரூபா 50 சதம். நான்கு வாரத்துக்கு 84 மணி என்று எடுத்தால் 15,750 ரூபா. கையில் வராத சம்பளம் அது. கடைச் சம்பளத்தை மற்றதோடு ஒப்பிடும்போது இந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது லாச்சிக் காசு, அதாவது கல்லாப் பணம். இரவு எண்ணும்போது 1,200 குறைகிறது. கெஷியர் கட்ட வேண்டும் என்பார்கள். ஏன் குறைகிறது? பெரும்பாலும் திருட்டினால் அல்ல. முதலாளியின் மகன் பெற்றோலுக்கு எடுத்திருப்பார், பால் பக்கெட் கொண்டு வந்தவருக்குக் கொடுத்திருப்பார்கள், தெரிந்தவருக்குக் கடன் போயிருக்கும், ஒன்றும் எழுதப்பட்டிருக்காது. இதற்கு ஒரே வழி, காலையில் லாச்சியில் வைத்த சில்லறை, பில் மொத்தம், கடன், வெளியே கொடுத்தது, இரவு மிச்சம் என ஐந்து வரியை ஒரு கொப்பியில் தினமும் எழுதி, காசு எடுத்தவரிடம் அங்கேயே கையெழுத்து வாங்குவது. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் கெஷியர் வேலையை ஏற்காதீர்கள். சரக்கு அடுக்கும் வேலை சம்பளம் குறைவானாலும் நிம்மதி.

தீபாவளி அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துப் பழக்கம் டவுன் கடைக்கும் வந்துவிட்டது. வாங்கலாம், ஆனால் எத்தனை மாதத்தில் எவ்வளவு கழியும் என்பதை வாங்கும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அட்வான்ஸ் ஏறிய ஆள் விலக நினைத்தாலும் விலக முடியாது. அந்தப் பிடி பல முதலாளிமாருக்குத் தெரியும்.

மாமா பிடித்துக் கொடுத்த வேலை என்றால் கூடுதல் யோசனை தேவை. நீங்கள் சண்டை போட்டு வெளியே வந்தால் முகம் கருகுவது மாமாவுக்கு. அதனாலேயே பலர் நியமனக் கடிதம் கேட்பதில்லை. வேலைக்குச் சேரும் நாளிலேயே பதவி, சம்பளம், நேரம் முதலியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது மேலே சொன்ன கடை, காரியாலய ஊழியர் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்பதை மாமா வாயிலாகவே கேட்பது நல்லது. "முதலாளி, பிள்ளைக்கு பேங்க் எக்கவுண்ட் திறக்க ஒரு லெட்டர் வேணுமாம்" என்றால் யாருக்கும் மனம் புண்படாது. உண்மையில் பேங்கும் கேட்கும்.

பெக்டரி

வெளிக்கொழுந்து பெக்டரிகள் தெற்கில்தான் அதிகம் என்றாலும் கம்பளை, கண்டிப் பக்கத்திலும் பதுளை மாவட்டத்திலும் உண்டு. இங்கே ஆள்கணக்கு பெரும்பாலும் பதினைந்தைத் தாண்டிவிடும். எங்கள் தெரிவுக்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவே டீ மேக்கர், அதாவது தேயிலை உற்பத்தியைப் பார்க்கும் பொறுப்பாளர், இருக்கிறார். பெக்டரியின் சுபாவம் என்பது டீ மேக்கரின் சுபாவம். ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "டீ மேக்கர் வந்து எத்தனை வருஷம்?" ஐந்தாறு வருஷம் என்றால் நேரமும் முறையும் நிலைத்திருக்கும். வருஷத்துக்கு ஒருவர் மாறியிருந்தால் முதலாளி நேரே வந்து ரோலருக்கும் ட்ரையருக்கும் உத்தரவு போடுகிறார் என்று அர்த்தம். அங்கே இரண்டு பேருக்குப் பதில் சொல்லியே ஆள் களைத்துப்போவார்.

நேரம் கஷ்டமானது, ஆனால் காரணம் உள்ளது. கொழுந்து லொறி பின்னேரம் வரும். தட்டில் பரப்பி வாட்ட 12 முதல் 18 மணி வேண்டும். ஆகவே உருட்டல் நடுச்சாமம் கழிந்தோ விடியற்காலையிலோ தொடங்கும், நொதிப்பும் ட்ரையரும் அதன் பின்னால். வாடிய கொழுந்தைக் காக்க வைக்க முடியாது. "இன்றைக்கு கொஞ்சம் நிற்க முடியுமா" என்பது இங்கே சாதாரணம். கடையோடு ஒப்பிட்டால் நிற்கும் நேரம் ரெஜிஸ்டரில் ஏறும், ஏனென்றால் எந்த ஷிப்டில் எத்தனை கிலோ ஓடியது என்பதை எப்படியும் எழுதத்தான் வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயருக்கு நேரே நேரம் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

தகராறு வருவது நிறையில். நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தேயிலை வர வேண்டும். பத்தொன்பதுக்கு இறங்கினால் முதலாளி முதலில் சந்தேகப்படுவது ஆட்களை. ஆனால் மழை நாளில் கொழுந்தின் மேல் நீர் ஒட்டியிருக்கும். அதற்குரிய கழிவைப் போடாமல் நிறுத்தால் தாளில் கொழுந்து கூடி, விளைச்சல் குறைந்து தெரியும். முற்றிய இலை கூடினாலும் கணக்கு பிசகும். நிறுக்கும் கிளாக்கர் வேலை கிடைத்தவர் ஒவ்வொரு லொறிக்கும் மழையா வெயிலா, எவ்வளவு கழித்தேன், இலை எப்படி என்று நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். கழித்தால் கொழுந்து கொடுப்பவர் கத்துவார், கழிக்காவிட்டால் முதலாளி கத்துவார். அந்தக் கொப்பிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓ.டி. எப்போது வெட்டப்படும் என்பதையும் முன்கூட்டியே ஊகிக்கலாம். விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதம் பெக்டரிக்கும் என்பது கணக்கு. சம்பளம், விறகு, மின்சாரம் எல்லாம் அந்த 32க்குள். கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தாலோ மின்கட்டணம் ஏறினாலோ முதலில் வெட்டுப்படுவது ஓ.டி. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது கொழுந்தே குறைந்தது. கொழுந்து இல்லாவிட்டால் ஷிப்டும் இல்லை. நாள் சம்பளமா மாதச் சம்பளமா என்ற கேள்வி இங்கே பெரிது. முடிந்தால் மாதச் சம்பளம்.

உடம்புக்கு வரும் கெடுதல் சலிக்கும் அறைத் தூசி. மாஸ்க் தருகிறார்களா, ரோலர் பெல்டுக்கு மறைப்பு உண்டா என்று போகும் நாளில் கண்ணால் பாருங்கள். காயம் பட்டால் 1934 முதலே உள்ள வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் காயம் பட்ட அன்றே ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலை இடத்தில்" என்று எழுதச் சொல்ல வேண்டும். விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

கெஸ்ட் ஹவுஸ்

எல்ல, நுவரெலியா, ஹப்புத்தளை. ஆறு முதல் பத்து அறை, ஏழெட்டு ஆட்கள். சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும் என்பதால் கையில் காசு மிஞ்சும். ஆங்கிலம் பேச்சில் வந்துவிடும். இந்த இரண்டும் உண்மையான லாபங்கள்.

நஷ்டம் பிளந்த நாளில் இருக்கிறது. காலை ஆறிலிருந்து பத்து, பிறகு மாலை ஆறிலிருந்து பத்து என்பார்கள். எட்டு மணிதான். ஆனால் நடுவில் வீட்டுக்குப் போக முடியாது, அதற்குள் சாமான் வாங்க அனுப்புவார்கள், அறை திறந்து காட்டச் சொல்வார்கள். வேலைக்கு எடுக்கும்போதே "பிரேக் நேரத்தில் கூப்பிட்டால் அதை மணியாகக் கணக்கிடுவீர்களா, சேர்?" என்று கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே இடத்தின் லட்சணம் தெரியும்.

பத்து வீத சேவைக் கட்டணம் பில்லில் இருக்கும். அது எப்படிப் பங்கிடப்படும் என்பது முதலாளியின் வழக்கத்தைப் பொறுத்தது. மாதம் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பேருக்கு, உடைந்த கோப்பைக்கு எவ்வளவு கழித்தது என்று ஒரு தாள் சுவரில் ஒட்டப்படும் இடங்கள் உண்டு. ஒட்டாத இடத்தில் சேவைக் கட்டணத்தைச் சம்பளமாக எண்ணாதீர்கள், பூச்சியமாகவே வையுங்கள்.

சீசன் இல்லாத மாதம் அடுத்த சிக்கல். நுவரெலியாவுக்கு ஏப்ரல், எல்லவுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையும் ஜூலை, ஆகஸ்டும். மற்ற மாதங்களில் "நோ பே லீவு எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொவிட், 2022 எரிபொருள் தட்டுப்பாடு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பாதைகளும் ரயில் பாதையும் அடைபட்டது என்று பார்த்தால், இந்தத் தொழிலில் வெறுமையான மாதங்கள் அபூர்வம் அல்ல. அப்படி ஒரு மாதத்தில் அடிப்படைச் சம்பளம் வந்ததா என்று பழைய ஆட்களிடம் விசாரிப்பது, எந்த நேர்முகத்தையும்விடப் பயன்.

விருந்தினர் இணையத்தில் எழுதும் குறைகளை முதலாளி இரவு பதினொன்றுக்கு வட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லிப் போடுவதும் இங்கேதான் அதிகம். சுடுதண்ணீர் வராதது கீசர் பழுது, பெயர் விழுவது ரூம் போய்க்கு. பழுதை அதே குரூப்பில் முதல் நாளே படத்தோடு போட்டுவைப்பது தற்காப்பு.

ஆபீஸ்

சுருக்கமாகச் சொல்லலாம். சம்பளம் நான்கிலும் கொஞ்சம் குறைவு, நேரம் நான்கிலும் ஒழுங்கு. கணக்காளரிடம் இரண்டு வருஷம் இருந்தவர் வரி, ஈ.பி.எப். படிவம், பேங்க் கணக்கு ஒப்பிடல் எல்லாம் தெரிந்து வெளியே வருவார். அது வேறு எங்கும் விலை போகும். தொண்டு நிறுவனத் திட்ட ஆபீஸ் என்றால் ஒப்பந்த முடிவுத் திகதியைப் பாருங்கள். பணம் தீர்ந்தால் வேலையும் தீரும். ஒரு எச்சரிக்கை: தமிழும் சிங்களமும் தெரிந்தவர் தலையில் மொழிபெயர்ப்பு முழுவதும் விழும், பதவியில் அது இருக்காது. தகுதிகாண் காலம் முடியும்போது, அந்த வேலையையும் கடிதத்தில் சேர்த்துச் சம்பளம் கேளுங்கள். அதற்குப் பிந்தினால் அது உங்கள் கடமையாகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு

மேலே போட்ட வரிசை கொஞ்சம் மாறும். கடைசி பஸ் எத்தனைக்கு, பூட்டும் நேரம் எத்தனைக்கு என்ற இரண்டையும் பொருத்திப் பார்த்தால் பல கடைகள் தானாகவே விழுந்துவிடும். பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ போக வேண்டியவர் ஹட்டனில் எட்டு மணிக்குப் பூட்டும் கடையில் நிற்பது தினமும் ஒரு பிரச்சினை. தனியான கழிவறை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான்கு பேர் உள்ள இடத்தில் முறைப்பாட்டுக் குழு என்று ஒன்று இராது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம், வேலைத்தலமும் அதற்குள் அடங்கும். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

சேருமுன் விசாரிப்பதும் விலகும்போது செய்வதும்

நேர்முகத்துக்குப் போகும் முன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு அந்த இடத்தைக் கடந்து நடந்து பாருங்கள். யார் நிற்கிறார்கள், முதலாளி எந்தக் குரலில் பேசுகிறார் என்பது தெரியும். அங்கே இருந்து விலகிய இருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் போதாது, கோபத்தோடு வந்தவர் ஒரு பக்கத்தைத்தான் சொல்வார். இருவரிடமும் ஒரே மூன்று கேள்வி: சம்பளம் எத்தனையாம் திகதி வந்தது, போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம் கிடைத்ததா, விலகும்போது கடைசி மாதக் காசு தந்தார்களா. கடையிலும் ஆபீசிலும் மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் வர வேண்டும்.

கடை, ஆபீஸ் லீவுக் கணக்கும் கையில் இருக்கட்டும். முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமைய (கெஷுவல்) லீவு, பிறகு வருஷத்துக்கு ஏழு. வருடாந்த லீவு சேர்ந்ததற்கு அடுத்த காலண்டர் வருஷத்தில் தொடங்கும்: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டம்பருக்குள் 7, அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4. 

விலகும்போது ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். சேவைச் சான்றிதழ், ஈ.பி.எப். உறுப்பினர் இலக்கம், கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இல்லாமல் படி இறங்க வேண்டாம். வாயால் "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பப்பட்டவர் மறுநாளும் போய் நின்று, திருப்பி அனுப்பினால் அன்றே பதிவுத் தபாலில் அதை எழுதி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தானாக வேலையை விட்டுப் போனார் என்று பதிவாகும். தொழில் நியாய மன்றத்துக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். அதற்குப் பதினைந்து பேர் என்ற கோடு கிடையாது, மூன்று பேர் உள்ள கடையில் வேலை செய்தவரும் போகலாம்.